அவர் நிறுத்திய அதிகாரத்திலிருந்து

எங்கள் வீட்டில் வேதம் வாசிப்பது என் வீட்டுக்காரர் வேலை. காலையில் நான் அடுப்பைப் பற்றவைத்ததும் சமையல்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஓர் அதிகாரத்தைச் சத்தமாக வாசிப்பார். பிடித்த இடத்தைத் தேடி வாசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வருவார். வம்ச அட்டவணை வந்தாலும் விடமாட்டார். வாயில் நுழையாத பெயர்களை, நெல் அறுக்கும் மெஷினை வரப்பில் ஏற்றி இறக்குவதுபோல நிதானமாக ஏற்றி இறக்குவார். அந்த மெஷின்தான் அவர் தொழில். உறுவையாறு கிராமத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து பாகூர்ப் பக்கம் வரைக்கும் அறுப்புக்கு மெஷின் ஓட்டப் போவார்.

நான் காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டாவது வரை படித்தவள்தான். ஆனாலும் கல்யாணமாகி வந்ததிலிருந்து நானாக அந்தப் புத்தகத்தைத் திறந்ததில்லை. அவர் குரலில் கேட்டே பழகிவிட்டது.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். சாலொமோன் ஆலயம் கட்டுகிற அதிகாரம். நீளம் இத்தனை முழம், அகலம் இத்தனை முழம் என்று வாசித்துக்கொண்டே வந்தவர் குரல் குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அடுத்த வரியில் வார்த்தையே இல்லை, வெறும் சத்தம். திரும்பிப் பார்த்தபோது புத்தகம் மடியிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்க அவர் வலது கையை நீட்டவில்லை. அந்தக் கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது.

மகள் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள்தான் போன் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தாள். ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். கால் சரியாகிவிடும், கை கொஞ்சம் தேறும், பேச்சைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. "அதான்." தாகம் எடுத்தாலும் அதான், வெளியே போகவேண்டும் என்றாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். நான் பக்கத்தில் போய், "என் பேரு இன்னா? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பேன். என் முகத்தைப் பார்ப்பார். உதடு கூடும். "அதான்" என்பார். அது தவறு என்பது அவருக்கும் தெரியும். கண்ணில் தெரியும்.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தருகிற வாக்காக ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அந்த வருஷம் எங்களுக்கு வந்தது, எந்தப் பொல்லாப்பும் உன் வீட்டை நெருங்காது என்கிற வசனம். அவர் அதைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் காலண்டரை மாட்டியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அதைத்தான் முதலில் பார்த்தேன். நெருங்கவா செய்தது? உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டதே!

பாஸ்டர் வந்து ஜெபித்தார். "விசுவாசத்த விட்றாதீங்க சிஸ்டர். வாக்கு குடுத்தவரு மாற மாட்டாரு. தெனமும் வசனத்த வாய்விட்டுச் சொல்லி அறிக்கை பண்ணுங்க, பிரதர் பேசுவாரு."

நம்பினேன். சுகத்தைப் பற்றிய வசனங்களை மகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, மாத்திரை முழுங்குவதுபோலக் காலையிலும் சாயங்காலமும் வாசித்தேன். மற்ற பக்கங்களைத் தொடவே இல்லை. வாசித்து முடித்ததும் அவர் வாயைப் பார்ப்பேன். அதான். அடுத்த நாளும் அதான். ஒரு நாள் புத்தகத்தை மூடி, ஷெல்ஃபில் துணிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். கர்த்தரிடம் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

மருந்து கம்பெனியில் நான் பார்த்துவந்த பேக்கிங் வேலையை விட்டாயிற்று. அவரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, நடக்கப் பழக்குவதிலேயே பொழுது போனது. காலையில் மட்டும் அவர் ஒரு மாதிரி ஆகிவிடுவார். நாற்காலியைக் காட்டுவார். உட்கார வைத்தால் இடது கையை ஷெல்ஃப் பக்கம் நீட்டி, "அதான், அதான்" என்பார். துண்டு எடுத்துக் கொடுத்தேன். வீசி எறிந்தார். டீ கொடுத்தேன். தட்டிவிட்டார்.

"இன்னாதாங்க வேணும் ஒங்களுக்கு? நானும் மனுசிதானே!" என்று கத்தினேன்.

மகள் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அவரைப் பார்த்தாள், ஷெல்ஃபைப் பார்த்தாள். "ஏம்மா, ஒனக்குப் புரியலயா? அப்பா பைபிளக் கேக்குறாரு."

எடுத்து வந்தேன். பக்கத்துக்கு அடையாளம் வைக்கிற நாடா, சாலொமோன் ஆலயம் வருகிற பக்கத்திலேயே கிடந்தது. சுகமாகிற வசனம் ஒன்றைத் திருப்பினேன். அவர் வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினார். நாடா கிடந்த பக்கத்தை விரலால் தட்டினார். அவர் நிறுத்திய இடத்திலிருந்தே வாசிக்க வேண்டுமாம். தேவதாரு மரப் பலகை, பொன் தகடு, எத்தனையோ முழம். ஒரு நோயாளியின் வீட்டில் அந்தக் கணக்கு யாருக்கு வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. திக்கித் திக்கி முடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்றைக்கு டீயைத் தட்டிவிடவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. ராஜாக்கள் வந்தார்கள், செத்தார்கள். எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபின் கதை வந்தது. அந்த மனுஷனைப் பார்க்க வந்த நண்பர்கள் பேசிய பேச்சு, எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் பேச்சு மாதிரியே இருந்தது. வாசிக்க வாசிக்கத் திக்குவது குறைந்தது. நம்பிக்கை கூடியது என்று சொல்லமாட்டேன். வாசிக்காவிட்டால் அவர் அமைதியாக இருக்கமாட்டார்; அதனால் வாசித்தேன்.

வேதத்தில் பாட்டுகளாக வருகிற சங்கீதங்களுக்கு வந்தோம். மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம், சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். முதல் வரி பாதியில் குக்கர் விசிலடித்தது. எழுந்து அடுப்பைக் குறைக்கப் போனேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"தாழ்ச்சியடையேன்."

நான் பாதியில் விட்ட வரியின் மீதி வார்த்தை, குழறாமல், முழுசாக. பழைய குரல். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் மாவுக் கையோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா, விழுந்துட்டாரா?" என்றாள். நான் அவர் தோளைப் பிடித்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க, சொல்லுங்க" என்று உலுக்கினேன். அவர் பயந்து போயிருந்தார். "அதான்" என்றார். புத்தகத்தை எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். என் கூடவே வந்தார். கடைசி வரி வரை, ஒரு வார்த்தை விடாமல் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

செய்தி சபைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் செய்ததை எல்லோர் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல அழைத்தார்கள். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, ஆட்டோவில் கூட்டிப்போனோம். மைக் முன்னால் நான் அந்தச் சங்கீதத்தின் முதல் வார்த்தையைச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் கடைசி வரி வரை சொன்னார். தகரக் கொட்டகை முழுக்க அல்லேலூயா. பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது என்றே அந்த நிமிஷம் நம்பினேன்.

சந்தோஷத்தில் பாஸ்டர் மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். "பிரதர், இப்ப ஒங்க பேரச் சொல்லுங்க. சபை கேக்கட்டும்."

அவர் வாயைத் திறந்தார். "அதான்."

யாரோ ஒருவர், "இன்னொரு தடவ, பிரதர்" என்றார்.

"அதான். அதான்." நெற்றி வேர்த்தது. இடது கையால் மைக்கைத் தள்ளினார். பிறகு எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார். கீபோர்டு வாசிப்பவர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். நான் அவரைத் தாங்கி வெளியே கூட்டி வந்தேன். வீடு வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமில்லை. "இப்படி வரும்மா. ரொம்ப வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னது, பாட்டு, சாமி கும்பிடுறது, இதெல்லாம் மூளையில வேற எடத்துல இருக்கும். அது அடிபடாம இருக்கலாம். சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் வரும், சிலருக்கு சினிமாப் பாட்டு வரும்."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பேச்சு என்னைத் தின்றது. அப்படியென்றால் அது கர்த்தருடைய வேலை இல்லையா? சினிமாப் பாட்டு பழகியிருந்தால் சினிமாப் பாட்டு வந்திருக்குமா? அவர் பொருள் தெரிந்து சொல்கிறாரா, கிளி மாதிரி சொல்கிறாரா? மறுநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "அர்த்தம் புரிஞ்சிதான் சொல்றீங்களா? இல்ல, சும்மா வாயில வருதா?"

கேட்டிருக்கவேண்டாம். முகம் சிவந்தது. பிறகு அவராகவே, நான் எடுத்துக்கொடுக்காமல், அந்தச் சங்கீதத்தை ஆரம்பித்தார். மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிற இடத்தில் நின்றார். செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி எனக்குக் காட்டினார். நாற்காலியைக் காட்டினார். இந்த வீட்டை, என்னை, தன்னை, எல்லாவற்றையும் சுற்றி விரலை ஓட்டினார். "அதான்" என்றார்.

அதன் பிறகு நான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பயிற்சி கொடுத்த பெண் ஒரு வழி சொன்னாள். தெரிந்த வரியை ஆரம்பித்து, வேண்டிய வார்த்தைக்கு முன்னால் நான் நிறுத்தவேண்டும். அவர் அதைச் சொன்னதும் அந்தப் பொருளைக் கையில் கொடுக்கவேண்டும். அந்தச் சங்கீதத்தில் அமர்ந்த தண்ணீர்கள் என்று ஓர் இடம் வருகிறது. தினமும் செம்போடு அவர் முன்னால் உட்கார்ந்தேன். பல வாரம் போன பிறகு ஒரு மத்தியானம், நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, உள்ளே அவர் முணுமுணுப்பது கேட்டது. மேய்ப்பனிலிருந்து ஆரம்பித்து, புல்வெளி தாண்டி, வேகவேகமாக வந்து, "தண்ணீர்கள்!" என்று கூப்பிட்டார். ஓடிப்போய்க் கொடுத்தேன். தாகத்தோடு அவர் அந்த வரிகளில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். "ஒங்க சாமி தண்ணி கேக்கக் கத்துக் குடுத்துட்டாருக்கா. ஆனா ஒரு சொம்பு பத்தாது போல, தண்ணீர்களாமே!" அவரும் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பாஸ்டர் ஒரு நாள் தனியாக வந்தார். ஜெபத்துக்கு முன்னால், "அன்னிக்கி நான் மைக்க அப்படி நீட்டியிருக்கக் கூடாது, பிரதர்" என்றார். என் வீட்டுக்காரர் இடது கையைப் பாஸ்டர் முழங்காலில் வைத்தார். நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த வரிசையில் அன்றைக்கு வந்தது, சுவரில் ஒட்டியிருந்த வசனத்தின் சங்கீதம். முழுவதையும் நான் வாசித்தது அதுவே முதல் தடவை. பொல்லாப்பு நெருங்காது என்று சொன்ன அதே சங்கீதம், முடிகிற இடத்தில், ஆபத்தில் அவனோடு இருப்பேன் என்கிறது. ஆபத்தே வராது என்றால் அதில் கூட இருப்பது எப்படி? பாஸ்டரிடம் கேட்டேன். அவர், "எனக்கும் முழுசாத் தெரியல, சிஸ்டர்" என்றார். அவர் சொன்ன பதில்களில் எனக்கு ஆறுதல் தந்தது அது ஒன்றுதான்.

இப்போது அவருக்குக் கொஞ்சம் வார்த்தைகள் இருக்கின்றன. தண்ணி, வூடு, எண்ணெய், போதும். மகளை "பாப்பா" என்று கூப்பிடுகிறார். அவள் அதற்காகவே காலேஜிலிருந்து சீக்கிரம் வருகிறாள். என் பெயர் வரவில்லை. அது வேதத்தில் இல்லாத பெயர். எந்த வரியை ஆரம்பித்தாலும் என்னிடம் வந்து சேர வழியில்லை. மறுபடி ஒரு தடவை மூளையில் இப்படி ரத்தம் கட்டலாம், மாத்திரையை விடாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கிற பயம் என்னை விடவில்லை.

காலையில் வாசிப்பது நான்தான். இப்போது எரேமியாவில் இருக்கிறோம். அழுகையும் சண்டையுமான புத்தகம். நேற்று, என் நோவு ஏன் இன்னும் ஆறவில்லை என்று தீர்க்கதரிசி கர்த்தரிடமே முறையிடுகிற ஓர் இடத்தில் அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். மறுபடி வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வாசித்தேன். இன்னொரு முறை காட்டினார். சோறு குழைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த இடத்தை மெதுவாக, சத்தமாக வாசித்தேன்.