வெள்ளெருக்கும் என் குதிகாலும்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்கும். நானோ முடி திருத்துபவன். லிட்டில் இந்தியாவில் ஒரு சந்தில் கடை, நாள் முழுக்க நின்றே பிழைப்பு. வலி முற்றியதும் நாற்காலியைச் சுற்றி நொண்ட ஆரம்பித்தேன். நொண்டிக்கொண்டே சவரக்கத்தியோடு வருகிறவனிடம் யார் கழுத்தை நீட்டுவார்கள்? வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கடைக்கு நழுவினார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

மருந்து எனக்குத் தெரியும். செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்க இலையைப் போட்டு, குதிகாலை வைத்து அழுத்த வேண்டும். வெள்ளெருக்கு என்றால் விசேஷம். ஆனால் சிங்கப்பூரில் எருக்குக்கு எங்கே போவது?

தேடாமலே கிடைத்தது. சிராங்கூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், கால்வாய் வேலி ஓரமாக, இடுப்பளவு வளர்ந்து பூத்து நின்றது. இத்தனை வருடத்தில் இந்தத் தீவில் நான் பார்த்த ஒரே வெள்ளெருக்கு அதுதான். சந்தோஷம் நீடிக்கவில்லை. மறுநாள் புல் வெட்ட வருவதாக லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வைத்தியத்துக்குப் பதினைந்து நாளாவது தினமும் புது இலை வேண்டும். கையில் செங்கல்லும் இல்லை. யோசித்துப் பார்த்து, செடியின் தண்டில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தேன். புல் வெட்டுகிறவர் நம் ஊர்க்காரராக இருந்தால் கை வைக்க மாட்டார் என்று கணக்கு.

கணக்கு தப்பவில்லை. அவர் செடியைச் சுற்றி வட்டமாக வெட்டிவிட்டு, மெஷினை அணைத்து ஒரு கும்பிடும் போட்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒற்றைச் செங்கல் தேடி நான்கு நாள் அலைந்தேன். கடைசியில் ஏழாம் மாடியில் ரெனொவேஷன் நடந்த வீட்டில் ஒன்று கிடைத்தது. இலை பறிக்கக் கீழே போனால், என் மருந்துக்குப் பாவாடை கட்டி, குங்குமம் வைத்து, விளக்கு ஏற்றியிருந்தார்கள். தஞ்சோங் பகார் ஆபீஸுக்குப் புறப்பட்ட ஒருவர் லேப்டாப் பையோடு பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தார். பொறுப்பெல்லாம் நான்காம் மாடி அக்காவிடம் இருந்தது.

“அக்கா, இந்தக் கயிறு நான் கட்டினது. வெட்டிடக் கூடாதுன்னு சும்மா கட்டினேன் லா.”

“சும்மாவா? பிள்ளையார் உங்க கையால கட்டிக்கிட்டாரு.”

“எனக்கு மருந்துக்கு இலை வேணும்.”

“தாராளமா. எப்படிப் போடுவீங்க?”

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். “செங்கல் மேல வெச்சு மிதிக்கணும்.”

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “சாமியையா மிதிக்கப் போறீங்க?” என்றார் அக்கா.

என் கண் முன்னாலேயே மூச்சு இழுப்புக்கு மிளகோடு அரைக்க ஒருவருக்கு இரண்டு பூ கொடுத்தார். வாய்க்குப் போனால் பிரசாதமாம், காலுக்குப் போனால் பாவமாம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“பதினோரு சுத்து சுத்துங்க, வலி தன்னால போயிடும். ஸ்லிப்பர கழட்டிடுங்க.”

சுற்றினேன். ஒவ்வொரு கல்லும் குதிகாலைத் தேடி வந்து குத்தியது. முடித்ததும் அக்கா மனம் இளகி ஓர் இலையைக் கிள்ளினார்.

“மிதிக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“மிதிக்க மாட்டேன்.”

பொய்தான். வீட்டுக்கு வந்ததும் செங்கல்லை அடுப்பில் ஏற்றினேன். சூடானதும் இறக்கி, இலையைப் போட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். தூக்கிய கால் இறங்கவில்லை. அந்தச் செடி சாமியான கதை உலகத்தில் வேறு யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் இறங்கவில்லை.

“மிதிங்க லா, செங்கல் ஆறுது,” என்றாள்.

இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காம்பிலிருந்த பால் வலது கண்ணில் பட்டுவிட்டது. அலறிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம்.

டாக்டர் கண்ணைக் கழுவி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வரும்போது நான் நொண்டுவதைப் பார்த்து, காலில் என்ன என்று கேட்டார்.

“அதுக்குப் பிள்ளையார்கிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன் டாக்டர்,” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது நான் என்பதே எனக்கு உறைத்தது.