தெலுக் ஆன்சனில் ஒரு கிளாஸ் கறுப்பு பீர்

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் பேராக் மாநிலம் முழுவதும் கடைகள் காத்தி என்ற பழைய எடைக் கணக்கை விட்டுவிட்டுக் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஈப்போவில் தராசு விற்கும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். ஊர் ஊராகப் போய், புதுத் தராசை எப்படிப் பார்ப்பது, பழைய ஒரு காத்திக்கு இதில் எவ்வளவு என்று கடைக்காரர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. தமிழும் மலாயும் சரளமாக வரும், கடைத்தெருவில் பேசும் அளவுக்குச் சீனமும் வரும் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அப்பா பஸ் கம்பெனியில் மெக்கானிக். வெளியூர் வேலைக்குப் போன முதல் பெண் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

என்னோடு வேலை செய்த சீன அக்கா ஒருவர் வேன் ஓட்டுவார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடையில்தான் சாப்பிட வேண்டும். தராசு வாங்கிய கடைக்காரரிடமே நல்ல கடை எது என்று விசாரித்துவிடுவார். அப்படித்தான் கோப்பெங்கில் சட்டிச் சோறும், தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மீன் தலைச் சூப்பும், தெலுக் ஆன்சனில் காய்ந்த இறால் தூவிய அரிசி மாவு ரோலும் எனக்கு அறிமுகமாயின. தெலுக் ஆன்சன்தான் இன்றைய தெலுக் இந்தான். அந்தப் பெயர் பிறகு வந்தது.

பீரும் அப்படித்தான் அறிமுகமானது. காலையிலிருந்து இரும்புத் தராசுகளைத் தூக்கி இறக்கினால் மதியத்துக்குள் உடம்பு வற்றிப்போகும். அக்கா ஒரு சிறிய போத்தல் கறுப்பு பீர் வரவழைத்து, ஐஸ் போட்டு, பாதியை எனக்கு ஊற்றுவார். சீனப் பெண்கள் பிள்ளை பெற்ற பிறகு குடிப்பது, உடம்புக்கு நல்லது என்பார். முதல் வாய் கஷாயம்போல இருந்தது. மூன்றாவது ஊருக்குப் போவதற்குள் பிடித்துப்போய்விட்டது. அதன்பின் எந்தக் கடையில் ஐஸ் சுத்தமாக இருக்கும், எங்கே போத்தலைச் சரியாகக் குளிரவைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கும் அத்துப்படி. ஈப்போவில் மட்டும் தொடமாட்டேன். ஈப்போவில் எங்களைத் தெரியாத தமிழர் யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. பூர்வீகம் தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு பாதிக் குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. என் படம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. எனக்குப் பெரிய ஆர்வமும் இல்லை, மறுப்பும் இல்லை.

அந்த வாரத்தில் தெலுக் ஆன்சன் மார்க்கெட்டில் சில தராசுகளைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் டாக்சியில் போனேன். வேலை முடியும்போது நல்ல மழை. ஆற்றோரம் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சீனக் கடைக்குள் ஓடி, இறால் போட்ட மீ நூடுல்ஸும் ஒரு கறுப்பு பீரும் சொன்னேன். அக்கா கூட இல்லாமல் பீர் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் வழக்கம்போலக் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

மழையில் கடை நிரம்பிவிட்டது. லோரி டிரைவர் போலிருந்த ஒரு தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும், என் மேசையில் உட்காரலாமா என்று கேட்டார். சரி என்றேன். அவர் பார்லித் தண்ணீர் வாங்கிக்கொண்டார். என் பக்கம் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதி கிளாஸ் குடித்திருப்பேன். அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு மிகவும் தயங்கி, "தங்கச்சி, உங்க படம் எங்க மாமியா வீட்ல இருக்கு லா" என்றார்.

மாப்பிள்ளையின் சொந்த அக்கா புருஷன் அவர்.

என் கை தானாக அந்தக் கிளாஸை என்னிடமிருந்து தள்ளியது. அது நேராக அவர் முன்னால் போய் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். தான் எதையும் பார்க்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை, நான் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்றார். நான் கேட்காமலே தன் கதையையும் சொன்னார். முன்பு அவர் குடிக்காத நாளே இல்லையாம். மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம். கோயிலில் சத்தியம் செய்துகொடுத்துத்தான் திரும்ப அழைத்துவந்தாராம். மறுபடி தொட்டால் போனவள் போனவள்தான் என்பது பேச்சு. இப்போது ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இந்த மாதிரிக் கடைக்குள் வருவதையே தவிர்க்கிறார், இன்று மழை உள்ளே தள்ளிவிட்டது என்றார்.

நான் கிளாஸை எடுத்து அவர் கண்ணில் படாதபடி கீழே வைக்கப் போனேன். "பரவால்ல, அது அங்கியே இருக்கட்டும். பாக்காம ஓடுறதவிட பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது நல்லது" என்றார். மழை கொஞ்சம் விட்டதும் எழுந்து போய்விட்டார். மீதி பீரை நான் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா, அக்கா, அக்கா புருஷன். அவர் என்னை முதன்முதலாகப் பார்ப்பவர்போல வணக்கம் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். அம்மா கேசரியும் வடையும் செய்திருந்தார். மாப்பிள்ளை பார்க்க நன்றாகவே இருந்தார். வேலைக்கு எப்படிப் போய்வருகிறேன் என்று ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

வடை சாப்பிட்டுக் கை துடைத்த பிறகு சித்தப்பா தொண்டையைச் செருமினார். தப்பாக நினைக்க வேண்டாம், நல்ல காரியத்துக்கு முன் சந்தேகம் இருக்கக்கூடாது என்று தொடங்கினார். அந்த வாரம் தெலுக் ஆன்சனில், மழைக்கு ஒதுங்கிக் கடைகளின் முன்புற நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாராம். ஒரு சீனக் கடைக்குள் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்து கறுப்பு பீர் குடித்துக்கொண்டிருந்தாளாம். அப்போது யாரென்று தெரியவில்லை, இங்கே வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்றார். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. என் அப்பாவைப் பார்த்துப் பேசினார். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "நான் பொய் சொல்லல. நம்ம வீட்டு மூத்த மாப்பிள்ளையும் அதே மேசைலதான் உக்காந்திருந்தாரு. அவரையே கேளுங்க."

அக்கா புருஷனை அவருடைய மனைவி திரும்பிப் பார்த்தார். அவர் அந்தக் கடைக்குப் போனதே மனைவிக்குத் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையில் இருந்த சிமெண்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த கிளாஸ் என்னோடது" என்றார் அக்கா புருஷன்.

குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. இடமில்லாமல் அந்தப் பெண்ணின் மேசையில் உட்கார்ந்தது நான்தான், குடித்ததும் நான்தான், சித்தப்பா தூரத்திலிருந்து பார்த்ததில் மாறிப்போயிருக்கும் என்றார். தன் மனைவியின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்த அக்கா அழவில்லை. மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். எழுந்து போகப்போகிறவர் செய்வது அது. இந்த வீட்டிலிருந்து மட்டுமல்ல, அவரையே விட்டுப் போகப்போகிறவராக எனக்குத் தெரிந்தது.

அந்தக் கணத்தில் நான் நிறைய யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடக்கும் என்பது தெரிந்தது. அந்தக் கைப்பையும் தெரிந்தது. அவ்வளவுதான்.

"இல்லக்கா. அவரு பார்லி தண்ணிதான் குடிச்சாரு. கிளாஸ் என்னோடது. நான்தான் அவரு பக்கம் தள்ளி வச்சேன்" என்றேன்.

அவர் என்னைத் தடுக்கப் பார்த்தார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். காய்ச்சலில் படுத்த சீன அக்கா, மழை, இடமில்லாத கடை, படத்தை வைத்து அவர் என்னை அடையாளம் கண்டது, கோயிலில் செய்த சத்தியத்தைப் பற்றி அவரே சொன்னது, எல்லாவற்றையும். அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது முன்னால இருந்தும் அவரு தொடலியா?" தொடவில்லை என்றேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது நல்லது என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அப்போதுதான் அந்த அக்காவுக்குக் கண் கலங்கியது. கைப்பை தோளிலிருந்து மடிக்கு இறங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார். சித்தப்பா மீதித் தேநீரைக் குடித்து முடித்தார். தான் சொன்னது உண்மைதான் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. அந்த நேரத்தில் அவர் அந்தக் கடைத்தெருவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை என் அப்பாவிடம் கை கொடுத்தார். என் பக்கம் திரும்பாமலே வாசலுக்குப் போனார். கோபமாகவும் இல்லை. அந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தார்.

மாப்பிள்ளையின் அக்கா மட்டும் செருப்பு மாட்டும் சாக்கில் கடைசியாக நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவரு பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். இன்னைக்கித் தெரியல லா" என்றார். பிறகு காருக்குப் போனார். பின் சீட்டில் அவருடைய கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

அந்த வரன் அதோடு முடிந்தது. பதிலே வரவில்லை, அதுவே பதில். அம்மா சில நாள் என்னோடு பேசவில்லை. குடித்ததற்காக அல்ல, அதை என் வாயாலேயே சொன்னதற்காக. அவர்தான் பழியை ஏற்றுக்கொண்டாரே, நீ சும்மா இருந்திருக்கலாமே என்பது அம்மாவின் வாதம். அப்பா அன்று மாலை பழைய ரேடியோவைத் துடைத்துக்கொண்டே, "அது கசக்குமே, எப்படிக் குடிக்கிற?" என்று கேட்டார். ஐஸ் போட்டால் தெரியாது என்றேன். அவர் தலையாட்டினார்.

காய்ச்சல் தேறி வந்த சீன அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேன் ஓட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்கு உந்தோங்" என்று மலாயில் சொன்னார். அதிர்ஷ்டம் என்று அர்த்தம். அன்று அது எனக்குப் புரியவில்லை. கல்யாணம் நின்றுபோனதில் என்ன அதிர்ஷ்டம் என்று கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. நாங்கள் மறுபடியும் ஊர் ஊராகப் போனோம், தராசு காட்டினோம், கடை விசாரித்துச் சாப்பிட்டோம். ஆற்றோரக் கடைக்கும் போனோம். நான் மறைவான இடம் பார்த்து உட்காரவில்லை. எப்போதும்போல வாசலுக்கு நேராகத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவரிடம் இந்தக் கதையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த லோரிக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதுதான். எனக்குத் தெரியாது என்றேன். இன்றுவரை தெரியாது. அவரையோ அந்த அக்காவையோ பிறகு நான் பார்க்கவில்லை.

நல்லவர், கெட்டவர் என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு எனக்கு அந்த மாப்பிள்ளைமேல் கோபம் ஒன்றும் இல்லை. பிறகு நல்ல குடும்பஸ்தராக இருந்திருப்பார். ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவர்மேல் ஒரு பேச்சு விழும்போது, என் கண் இப்போதும் பேசுகிறவரிடம் நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பவர்களில் யார் தரையைப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் முகங்களுக்குப் போகிறது. ஒரு தடவை பார்த்த பெண்ணுக்காகத் தன் குடும்பத்தையே பணயம் வைக்க ஒருவரால் முடியும் என்று அன்று கண்டுகொண்டதால், அதைவிடக் குறைந்த துணிச்சலை என்னிடமிருந்தும் நான் ஏற்றுக்கொள்வதில்லை.