கம்பியூட்டருக்கு நின்ற காவல்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு இராணுவம் வந்தது. பதற வேண்டாம்... வழக்கமான சோதனைதான். வழக்கமில்லாதது பின்னறையில் இருந்தது.

'எங்கள் வீடு' என்பது கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடவில் ஒரு ஹாஜியாரின் வீடு. முன்னறையில் வாடகைக்கு நான். பின்னறையில் நளாயினி — யாழ்ப்பாணத்துப் பெண், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. கண்டி நகரில் அவளுக்கு அறை கொடுக்க எல்லோருக்கும் ஆசைதான், சொந்த ஊரைக் கேட்கும்வரை.

படிப்பது உயிரியல். ஆனால் தவளை இல்லை, நுணுக்குக்காட்டி இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. மலேரியாக் கிருமிகளின் மரபணுக்களை எழுத்துகளாகக் கம்பியூட்டரில் ஏற்றி, எது எதற்குச் சொந்தம் என்று பார்ப்பதுதான் வேலை. அது நாள்கணக்கில் தானாக ஓடும். நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் முடிவை அனுப்பினால்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம். வளாகமோ மறுபடியும் மூடியிருந்தது. கம்பியூட்டர்ப் பெட்டியைச் சுமந்துவந்து அறையில் வைத்துவிட்டாள்.

இந்த விஞ்ஞானத்துக்கு ஒரே எதிரி ஹாஜியார். வெளியே இறங்கும்போதெல்லாம் மெயின் சுவிட்சை அணைப்பவர். கலவரத்தில் கடையை நெருப்புக்குப் பறிகொடுத்தவரிடம் என்ன வாதாட முடியும்?

அன்று ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பியவரின் கை சுவிட்சுக்குப் போனது.

"ஹாஜியார், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தொடாதேங்கோ. நிண்டா எல்லாம் அழிஞ்சு போயிடும்" என்று ஓடிவந்தாள் நளாயினி.

"நான் இல்லாத ஊட்டுல கரண்ட் ஓட வாணாம் புள்ள. எரிஞ்சா நீங்களா கட்டித் தாற?"

அப்போதுதான் கோப்ரல் ஒருவர் இரண்டு சிப்பாய்களோடு உள்ளே வந்தார். பின்னறையில் ஆளில்லை. திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"யாருக்குச் செய்தி போகிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒருவருக்கும் இல்லை. மலேரியாக் கிருமிகள் எந்த ஊரிலிருந்து வந்தன, யாருக்கு யார் சொந்தம் என்று தேடுகிறது" என்றாள் நளாயினி.

கோப்ரல் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாங்களும் அதைத்தான் செய்கிறோம்."

சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்றான் ஒரு சிப்பாய். நளாயினி பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கழற்றினால் என்ன ஆகும்?" என்றார் கோப்ரல்.

"எல்லாம் அழிந்துவிடும்."

ஹாஜியாரை அசைக்காத உண்மை கோப்ரலை அசைத்தது. சாட்சியம் அழிவதா? முகாமுக்குப் பெரியவரான அதிகாரி லீவில். ஞாயிறு மாலை வந்து பார்க்கும்வரை எவரும் எதையும் தொடக்கூடாது. மெயின் சுவிட்சின் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்... முறை மாற்றி, மூன்று நாள்.

"என்ட ஊட்டு சுவிட்சத் தொட எனக்கே பாஸ் வேணுமா தம்பி?" என்று ஹாஜியார் என்னிடம் கேட்டார். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சிப்பாய்க்கும்தான்.

ஞாயிறு மதியம் கணக்கு முடிந்தது. மாலை பெரியவர் வந்தபோது திரையில் கிளை பிரிந்த ஒரு மரம், கிருமிகளின் வம்ச வரைபடம். அடியில் இருந்த புள்ளியில் விரலை வைத்தார்.

"இவன்தான் தலைவனா?"

"மூதாதை, சேர்."

"உயிரோடு இருக்கிறானா?"

"இல்லை."

அத்தோடு விசாரணை முடிந்தது.

திங்களன்று முடிவு போனது. சென்ற வாரம் பதில் வந்தது: இடம் உண்டு, புறப்பட்டு வரவும். புறப்பட பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டும். அதற்கு விசாரணை நடக்கிறது — எந்த ஊர், யாருக்கு யார் சொந்தம்...

கிருமிகளின் சொந்தபந்தத்தை ஒரு பழைய கம்பியூட்டர் சில நாளில் கண்டுபிடித்துவிட்டது. நளாயினியின் சொந்தபந்தத்தை ஓர் அலுவலகமே கூடி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.