பொங்கல் பானைக்குள் விழுந்த என் பல்

தாயை நம்பி வாழ்கிற எல்லோருக்கும் ஆனைக்குட்டம் மாரீஸ்வரியின் வணக்கம். எனக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது நானே சிரிக்கிறேன். அன்றைக்கு அழுதேன்.

2006-ஆம் வருடம், பங்குனி மாதம். எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள். காலையில் எழுந்தபோது என் மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் வலது கன்னம் பன் மாதிரி உப்பியது. அதற்கு மறுநாள் வலது கண் பாதி மூடிக்கொண்டது. காய்ச்சல் வேறு. தண்ணீர் குடித்தால்கூட மண்டைக்குள் தெறித்தது. நான் பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். கண் தெரிந்தால்தான் எனக்குச் சோறு. கண் போய்விடுமோ என்று பயந்து அழுதேன். அழுதால் கன்னம் இன்னும் வலித்தது. அதனால் அழவும் முடியவில்லை.

எல்லாம் நானே தேடிக்கொண்ட வினை. நான்கு வருடத்துக்கு முன் கம்பெனி வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில், முன்சீட்டுக் கம்பியில் என் வாய் மோதியது. மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஒடிந்துபோயின. வேர்கள் மட்டும் ஈறுக்குள் தங்கிவிட்டன. பல் போனதுகூடப் பெரிதில்லை. எங்கள் ஊரில் குலவை என்றால் நான்தான். நான் குலவை போட்டால் கண்மாய்க்கரை வரை கேட்கும். பல் போனபின் குலவை போட்டேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. என் நாத்தனார் பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

அந்த ரோஷத்தில் கடைத்தெருவில் பல் கட்டுகிற ஒருவரிடம் போனேன். அவர் படித்த டாக்டர் இல்லை. எனக்கு அதுவே வசதியாக இருந்தது, ஏனென்றால் எனக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். வேரைப் பிடுங்க வேண்டுமா என்று நடுங்கிக்கொண்டே கேட்டேன். அவர், "எதுக்கு? உள்ள கெடந்தா நல்லதுதாம்மா. அஸ்திவாரம் மாதிரி தாங்கும்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். பக்கத்துப் பற்களை ராவி, வேருக்கு மேலேயே பாலம் மாதிரி ஒரு பல்வரிசையை ஒட்டிவிட்டார். அந்த வருடம் என் குலவையில் பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது முகம் வீங்கியதும் ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி ஒரு பக்கத்து வீட்டுக்காரி தன் இரட்டைவடச் சங்கிலியை என் கழுத்தில் போட்டுவிட்டாள். வீக்கம் இறங்கவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர் சங்கிலியைத்தான் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் கருப்பசாமி லோடு வேன் ஓட்டுகிறவர். வண்டியை வாசலில் நிறுத்தி, சிவகாசியில் பல் டாக்டரிடம் போகலாம் வா என்று தினமும் கூப்பிட்டார். காப்புக் கட்டியாச்சு, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். சாமி பேரைச் சொன்னதும் அவர் வாயை மூடிக்கொண்டார். உண்மையில் எனக்குப் பயம் ஊசிக்குத்தான். சாமியைச் சாக்காக வைத்த பாவத்தை இன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

தினமும் காலையில் கோவிலுக்குப் போய் ஒரே வேண்டுதல்தான். "தாயே, டாக்டர் வேண்டாம், ஊசி வேண்டாம். நீயே இறக்கிவிடு." வீக்கம் ஏறிக்கொண்டே போனது. தாய் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

பொங்கல் அன்று காலை கோவில் முன்னால் வரிசையாக அடுப்புகள். எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள் பானை. அவள் பானைதான் முதலில் பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணால் அம்மன் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மனசு உடைந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல தாயே. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்." முதல் தடவையாக, இப்படிச் செய் அப்படிச் செய் என்று சொல்லாமல் கேட்டேன். கேட்டுவிட்டு, இருக்கிற உயிரையெல்லாம் திரட்டி ஒரு குலவை போட்டேன்.

வாய்க்குள் ஏதோ படக்கென்று விட்டது. பல்வரிசை மொத்தமாகக் கழன்று பறந்துபோய்ப் பேச்சியம்மாள் பானைக்குள் விழுந்தது.

குலவை நின்றுவிட்டது. நான் ஓரமாக ஓடிப்போய்த் துப்பினேன். சீழும் ரத்தமுமாகக் கொட்டியது. ஐந்து நாளாக மண்டைக்குள் இடித்த இடி அடங்கியது. நான் நிமிர்ந்தபோது என் வீட்டுக்காரர் அகப்பையைக் கொண்டு பானைக்குள் துழாவிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் தன் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப்பின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பூசாரி வந்து என் முகத்தைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "ஏத்தா, அம்மா கதவைத் தெறந்துவிட்டுட்டா. நீ இன்னும் எல்லையைக் காவல் காத்துக்கிட்டு இருக்க. மொதல்ல டாக்டர்கிட்டப் போ. தெய்வக்குத்தம் வந்தா என்கிட்ட வரட்டும்" என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டார். என் கடைசிச் சாக்கும் போய்விட்டது. போய் வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

சிவகாசியில் டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. என் வீட்டுக்காரர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பல்வரிசையைக் காட்டினார். அதில் ஒட்டியிருந்தது வெல்லமா என்று டாக்டரம்மா கேட்டார். சர்க்கரைப் பொங்கல் என்று இவர் பணிவாகச் சொன்னார். படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு வேர்களும் தெரிந்தன.

"வேரை எடுக்காம மேல மூடிட்டாங்க. சீழ் வெளிய வர வழியில்லாம மூஞ்சில ஏறியிருக்கு. இன்னும் விட்டிருந்தா கண்ணுக்கே ஆபத்தா போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரையா அம்மனையா என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சீழை எடுத்து, மாத்திரை கொடுத்து, அடுத்த வாரம் வேரை எடுக்க வரச்சொன்னார். வீக்கம் வற்றியதும் எனக்குப் புத்தி மாறியது. வலிதான் போய்விட்டதே, வேர் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. நேராகக் கோவிலுக்குப் போய் நின்றேன். இந்தத் தடவை தைரியம் மட்டும் கேட்டேன். கொடுத்தாள். ஊசி போட்டபோது டாக்டரம்மா கையை நான் பிடித்த பிடியில் அவருடைய வளையல் ஒன்று உடைந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. இரண்டு வேர்களும் முழுசாக வந்தன.

காயம் ஆறியபின் முறையாகப் பல் கட்டிக்கொண்டேன். கண் பழையபடி தெளிவாக இருக்கிறது. லேபிள் கோணாமல் ஒட்டுகிறேன். கோவிலில் வேண்டுதல் சாமான் விற்கிற கடையில் வெள்ளியில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது, பல் இல்லை. ஆசாரியிடம் சொல்லி வேரோடு ஒரு பல் செய்து உண்டியலில் போட்டேன்.

முன்பெல்லாம் சாமியிடம் போனால் வேலைக்காரிக்குச் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது கஷ்டத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறேன். வழி அவளுக்குத் தெரியும். அந்த வழி சில நேரம் டாக்டர் வீட்டு வாசலில் போய் முடியும்.

என்னைப் போல வலியை மூடி வைத்துக்கொண்டு பயந்து கிடக்கிற அக்கா தங்கச்சிகள் இருந்தால், தாயிடம் மனசுவிட்டுச் சொல்லுங்கள். பிறகு கிளம்புங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஆனைக்குட்டத்தில் வந்து என்னைக் கேளுங்கள். கூட வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.