தாழ்ந்த எஸ்டீமும் என் தொடைநடுக்கமும்

1. பிட்டுக்குள் ஒரு காலை

மதுவிலக்குப் போலீஸ் ஜீப் என் கடை வாசலில் வந்து நின்றபோது நான் அலைன்மென்ட் பிட்டுக்குள், அதாவது சக்கரங்களை நேர்படுத்த வண்டிக்கு அடியில் இறங்கும் பள்ளத்துக்குள், இருந்தேன். தலைக்கு மேலே நின்ற எஸ்டீம் காரின் சக்கரத்தைத் திருப்புகிற டை ராடைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திருகுவதற்காக அல்ல, கீழே விழாமல் இருப்பதற்காக.

நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில். உப்பளம் பகுதியில் சொந்தக் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. விளம்பர ஆசையில், வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் கடைப்பெயர், விலாசம் எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். அதில் ஒரு வண்டி சரக்கோடு மாட்டினால், கூட்டாளி யார் என்று போலீஸ் தேடி அலைய வேண்டியதில்லை. நானே கண்ணாடியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைக்குச் சீல், எனக்குக் களி. இந்தப் பயத்தோடுதான் அந்த மாதம் முழுவதும் தூங்கினேன், அதாவது தூங்கவில்லை.

2. பின்சீட் இல்லாத கார்

எஸ்டீம் அந்துவானுடையது. முத்தியால்பேட்டைப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையாகப் பேசுவான், ஆனால் அளந்து அளந்துதான் பேசுவான். வண்டி ரோட்டை முத்தமிடுகிற உயரத்தில் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு கார் தாழ்ந்து போனால் பார்க்கிறவர்களுக்கு ஒரே எண்ணம்தான்: பாட்டில் பெட்டி. இங்கே வரி குறைவு, சரக்கு மலிவு; மாநில எல்லையைத் தாண்டி விற்றால் காசு.

கதவைத் திறந்தேன். பின்சீட்டே இல்லை. ஸ்டெப்னியும் இல்லை. காலி இடம், அதில் ஒரு ஹெல்மெட்.

"காருக்குள்ள எதுக்குப்பா ஹெல்மெட்?"

"சும்மாதான்ணே."

"பின்சீட்டு?"

"வெயிட்டுன்னு கழட்டிட்டேன்."

எந்த வெயிட்டை ஏற்றுவதற்கு என்று நான் கேட்கவில்லை. போலீஸ் அடித்தால் மண்டைக்குப் பாதுகாப்பாக ஹெல்மெட் வைத்திருக்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டயர்களைப் பார்த்தேன். பின்னால் இரண்டும் புதுசு மாதிரி, முன்னால்தான் தேய்மானம். ஸ்பிரிங்கை மாற்றி இறக்கிய வண்டியில் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். அது சகஜம். இதில் வெளித்தோளும், அதாவது வெளிவிளிம்பும், பிய்ந்திருந்தது. பள்ளங்களில் செம்மண். அதற்கு மேல் அவன் கேட்டது இன்னும் விசேஷம்.

"டோ அவுட் வெச்சுக் குடுங்கண்ணே."

முன்சக்கரங்களின் மூக்கு லேசாக வெளியே பார்க்கும்படி வைப்பது டோ அவுட். வண்டி நேராக ஓட அடம்பிடிக்கும், டயர் சீக்கிரம் போகும். திரும்புவது மட்டும் சட்டென்று திரும்பும். ரோட்டில் ஓட்டுகிற யாரும் அதைக் கேட்டு வாங்க மாட்டார்கள். போலீஸைக் கண்டால் சட்டென்று சந்துக்குள் திரும்புகிறவன் கேட்பான் என்று என் மூளை சொன்னது. இருந்தும் வைத்துக் கொடுத்தேன். அவன் போன பிறகுதான் பார்த்தேன், பழக்கதோஷத்தில் ஸ்டிக்கரையும் ஒட்டியிருந்தேன்.

3. பெரியவரின் ஆறுதல்

இந்தப் பாரத்தை இறக்கிவைக்க எனக்கு வாய்த்தவர் கடையின் வாடிக்கையாளர் சபாபதி ஐயா. நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, டீசல் அம்பாசடர். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக இரும்புப் பட்டை சேர்த்திருந்ததால் அவர் வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஊரிலிருந்து நெல் மூட்டை வரும் என்பார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் தம்பி நம்ம ஊர் பேரே கெடுது" என்று தலையை ஆட்டினார். "எந்த வழியா போறானாம்?"

"ஞாயித்துக்கெழம ஈசிஆர் பக்கம் போறான்னு நெனைக்கிறேன்யா."

"நீ இதுல தலையிடாத. எல்லாம் மேல இருக்கறவன் பாத்துப்பான்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று இன்னொரு டீ சொன்னேன்.

4. இளநீர்க் கடையில் ஒற்றன்

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எஸ்டீமுக்குப் பின்னால் போனேன். சரக்கைக் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த முறை "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்பது திட்டம். காலாப்பட்டு தாண்டி, எல்லைச் செக்போஸ்ட்டில் அவனுக்காகவே காத்திருந்த மாதிரி மறித்தார்கள். நான் இளநீர்க் கடையில் ஒதுங்கினேன்.

"என்னடா இவ்ளோ தாழ்ந்து கெடக்குது? எத்தினி பெட்டி?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"காலி வண்டி சார். வண்டியே அப்பிடித்தான்."

கதவு, டிக்கி, பானெட் எல்லாவற்றையும் திறந்து, இருந்த போலீஸ் அத்தனை பேரும் உள்ளே தலையை விட்டார்கள். அந்த நேரம் சபாபதி ஐயாவின் அம்பாசடர் மெதுவாகக் கடந்து போனது. கையசைத்தேன். அவர் பார்க்கவில்லை. வண்டி இன்றைக்கு அழகாகச் சமமாக நிற்கிறதே என்று மட்டும் நினைத்தேன். நினைத்துவிட்டு இளநீரைக் குடித்தேன்.

எஸ்டீமில் ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். அது போய் நின்ற இடம் ஒரு செம்மண் பொட்டல். ஆரஞ்சு கோன்களை நட்டு வைத்து, ஒவ்வொரு காராக அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோகிராஸ் பந்தயம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்துவான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோனைச் சுற்றித் திரும்பியபோது, முன் டயர் மடங்கித் தன் வெளித்தோளால் மண்ணைப் பிறாண்டியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பெட்டி ஏற்றியிருந்தால் பின் டயரல்லவா அழுதிருக்க வேண்டும்? அவன் பின் டயர்கள் புதுசு மாதிரி இருந்ததை நானே பார்த்தேனே!

5. ஜீப்

மறுநாள் அந்துவான் வண்டியோடு வந்தான். அதைப் பிட்டின் மேல் ஏற்றியதுமே ஜீப்பும் வந்தது. வண்டி சுத்தம் என்று தெரிந்தும், ஜீப்பைக் கண்டதும் நான் டை ராடைப் பிடித்துக்கொண்டது இப்படித்தான்.

அதே சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "யோவ், மேல வா. உன் கடைக்கு வர்ற தாழ்ந்த காருல சரக்கு போவுதுன்னு எவனோ போன் பண்ணான். நேத்து ஒண்ணும் இல்ல. இன்னிக்கு இருக்கா?"

அந்துவான் கைகூப்பினான். "சார், ரேஸ் ஓட்டறது வூட்டுக்குத் தெரியாது சார். தெரிஞ்சா சாவியப் புடுங்கிடுவாங்க."

எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் வேலை செய்தது. "சார், இந்த டயரப் பாருங்க. முன்னாடி வெளித்தோளு போயிருக்கு, பின்னாடி அப்படியே இருக்கு. இது திருப்பம் தின்ன டயரு. லோடு ஏத்தற வண்டி இப்பிடித் தாழ்ந்து நிக்காது சார். எவனும் பாத்துடக் கூடாதுன்னு பட்டையச் சேத்து வெச்சிருப்பான். காலியா இருந்தா வாலத் தூக்கிக்கினு நிக்கும். ஏத்துனாதான் சமமா..."

நிறுத்திவிட்டேன்.

"சமமா?" என்றார் அவர்.

நான் டீ வாங்கிக் கொடுத்த இரண்டு கிளாஸ்களும், நேற்று செக்போஸ்ட்டைச் சமமாகக் கடந்த அம்பாசடரும் கண் முன்னால் வந்தன. அந்த எஸ்டீமைப் பற்றி நான் வாய் திறந்து சொன்னது ஒரே ஒருவரிடம்தான்.

"அப்பிடி ஒரு வண்டி இருக்காய்யா?"

சொன்னேன். அம்பாசடர் அந்த வாரமே மாட்டியது. அதன் கண்ணாடியிலும் என் ஸ்டிக்கர் இருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொடுத்ததே நான்தான் என்பதால் கடைக்குப் பூட்டு விழவில்லை.

அன்று கிளம்பும்போது சப்-இன்ஸ்பெக்டர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ நேத்து எளநி கடைல நின்னவன்தானே?"

அந்துவான் திரும்பினான். "அண்ணே! பின்னாடியே வந்தீங்களா?"

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டி வந்தால் முதலில் டயருக்கு முன்னால் குனியுங்கள், ஓட்டுகிறவர் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெற்றிக்குத் திருநீறு பூசலாம், டயருக்குப் பூச முடியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அந்துவானிடமிருந்து போன் வரும்.

"அண்ணே, நாளைக்குப் போறேன். ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா?"