எங்கள் பள்ளத்து எரிமலை

லுணுகலையில் மாடி வீடு கட்டிய தோட்டத்துக்காரன் யார் என்று கேட்டால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, லொறியில் கிளீனராகத் தொங்கி, பிறகு அந்த லொறியையே வாங்கினேன். மகள் கல்யாணம் இந்த வாசலில்தான் என்று அத்திவாரம் போட்ட அன்றே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். சொன்னால் செய்கிறவன்.

சுனாமி வந்து கடல் பொங்கிய மார்கழிக்கு அடுத்த தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரியின் மகன்.

என் வீட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். தோட்டத்து பெக்டரியின் தேயிலைக் கழிவுத் தூளும் அடுப்புச் சாம்பலும் அதில்தான் வந்து விழும். அடியில் தணல் கிடந்து கனியும். மழை பெய்தால் மேலே ஆவி கிளம்பும். வருசக்கணக்காக அப்படித்தான். மாடுகூட அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் கடல் வந்த பிறகு எங்கள் ஊரில் ஆளாளுக்கு விஞ்ஞானி. சலூன்காரர் "பூமிக்குள்ள நெருப்பு ஓடுது" என்று தொடங்கி வைத்தார். அந்தப் பேச்சு பஸ் ஏறி வெலிமடையில் இறங்கியபோது எங்கள் பள்ளம் நெருப்புக் குழம்பு கக்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தி போன் போட்டார்.

"சம்பந்தி, கல்யாணத்த தள்ளி வச்சுக்குவோம். ஒங்க மலை கொஞ்சம் அடங்கட்டும்."

"மலைக்கு என்னங்க, காய்ச்சலா?"

"சிரிக்காதீங்க. சுமாத்ராவுல ஆடுனது நமக்குக் கீழயும் ஆடாதா?"

மகள் உயர்தர வகுப்பில் பூகோளம் படித்தவள். போனை வைத்ததும் அவளிடம் கேட்டேன்.

"அப்பா, ஒங்க லொறியும் இன்னொரு லொறியும் வளைவுல மூக்கோட மூக்கு மோதுனா எது நெளியும்?"

"பம்பர்."

"பின்னால கிடக்கிற மூட்டை?"

"அது சும்மா கிடக்கும்."

"நாமதான் அந்த மூட்டை. பூமி ஓடு பெரிய பெரிய துண்டா இருக்கு. சுமாத்ரா ஓரத்துல நம்ம துண்டு இன்னொன்னுக்கு அடியில போவுது. ரொம்ப காலம் சிக்கிக்கிட்டு நின்னு, அன்னைக்கு வழுக்கிருச்சு. கடலடி தூக்கிப் போட்டுச்சு, அலை வந்துச்சு. அடியில போறது விடுற தண்ணியில மேல உள்ள பாறை உருகும். அதான் அங்க வரிசையா எரிமலை. நாம ஓரத்துல இல்லப்பா, நடுவுல."

நான் மனசில் நினைத்ததைத்தான் அவள் படித்தவள் பாஷையில் சொன்னாள். மறுநாளே லொறியை எடுத்துக்கொண்டு வெலிமடை போய் அதைச் சம்பந்திக்கு விளக்கினேன். அவளைவிட நன்றாகவே விளக்கினேன். ஆனால் என் கண் அவர் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. புது அறை கட்ட பெக்கோ மெஷின் வைத்து மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். உச்சியில் கை நுழையுமளவு வெடிப்பு. அங்கே நின்ற டர்பன்டைன் மரம் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்திருந்தது.

"இது என்னங்க சம்பந்தி?"

"அதுவா? அது ரொம்ப நாளா அப்படித்தான். ஒன்னும் செய்யாது."

சுமாத்ராவுக்குப் பயந்த மனுசன் சொந்தக் கொல்லைக்குப் பயப்படவில்லை. லயத்தில் மழைக்கு மண் சரியுமா என்று பார்த்துக்கொண்டே வளர்ந்த நான் விலகி ரோட்டுப் பக்கம் போய் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் முகம் மாறியது. "அப்பா, அந்தப் புது அறைதான் எங்களுக்காம்."

என்னிடம் கேட்காமலே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "ஒங்கப்பா எங்க வீட்டுக்கு ஒரு நாள் வரப் பயப்படுறாரு. நான் ஒங்க வீட்டுல தெனமும் தூங்கணும். அந்த மண்ண சரி பண்ணாம நான் வரமாட்டேன்."

போச்சு கல்யாணம் என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். பள்ளத்தில் இறங்கி, குச்சியால் கிளறி, சாம்பலையும் கழிவுத் தூளையும் பார்த்துச் சிரித்தார். பிறகு என் வீட்டிலிருந்தே அப்பாவுக்குப் போன் செய்தார்.

"அப்பா, இது குப்பை. எரிமலை இல்ல. நம்ம மண்மேடுதான் ஆபத்து. அத நீங்க வெட்டிச் சரி பண்ணாட்டி நான் இங்கயே தங்கிருறேன்."

"எங்க?"

"மாமா வீட்டுலதான். மாடி சும்மா கிடக்கு."

வீட்டோடு மாப்பிள்ளை! கிழங்கு மார்க்கட்டில் அந்தப் பேச்சு என்ன பாடுபடுத்தும் என்று சம்பந்திக்குத் தெரியாதா? சுமாத்ரா, எரிமலை, கடல் எல்லாம் அந்த நிமிடமே அடங்கிவிட்டன. மறுநாளே பெக்கோ வந்தது. மேட்டைப் படிப்படியாகச் சரித்து, மரத்தை இறக்கி, தண்ணீர் போக வடிகானும் வெட்டினார்கள். பொண்ணு மாப்பிள்ளைக்கு ரோட்டுப் பக்கத்து அறை. புது அறை கிழங்கு மூட்டைக்கு.

குறித்த நாளில், என் வாசலில், என் பந்தலில் தாலி ஏறியது. சம்பந்தி எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றாமல், லொறி நின்ற பக்கமாகவே உட்கார்ந்திருந்தார். மாடியைப் பார்க்க வாங்க என்று கூப்பிட்டேன்.

"வேணாங்க சம்பந்தி," என்றார். "நான் பார்த்தா, பின்னால இவனும் பார்ப்பான். பிறகு இறங்கமாட்டான்."

அப்போது பிடித்த மகனின் கையை அவர் கடைசிவரை விடவில்லை.