லிங்க்கை எடுத்துவிட்டுக் காத்திருந்தவள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பையன் தூங்கினால்தான் எனக்குக் கை ஓயும். பல் முளைக்கிற காலம், தூங்கவே மாட்டேன் என்கிறான். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தால் காலையில் எழுத மாட்டேன் என்பது எனக்கே தெரியும்.

நூர்ஜஹான் போய்விட்ட செய்தி நம் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேப் குழுவில் இருக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு எட்டியிருக்கும். எனக்கு அது சுகாதார நிலையத்தில் வந்தது. பையனுக்குத் தடுப்பூசி போட வரிசையில் நின்றிருந்தேன். லேப் உதவியாளர் முனிராஜ் போன் செய்தார். "மேடம், நூர் மேடம் போயிட்டாங்க மேடம். காலைல தலைவலின்னு படுத்தாங்களாம். எழுப்புனா எந்திரிக்கலையாம்." அதே சமயம் நர்சம்மா பையனின் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே போய் அவன் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் அவன் அழுதான், நானும் அழுதேன். நர்சம்மா என்னைப் பார்த்து, "ஊசி பையனுக்குத்தானுங்க போட்டேன். நீங்க என்னத்துக்குங்க அழறீங்க?" என்றார். இதை நூரிடம் சொன்னால் ஒரு வாரத்துக்கு லேப் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் முடிந்த பிறகுதான் செய்தி எனக்குள் இறங்கியது.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அவள் பார்த்துக்கொண்ட பழைய சர்வரை வெள்ளிக்கிழமை கழற்றப்போகிறார்கள். அதற்குள் கோமதி என்கிற மாணவியின் கணினி பேசும் குரலைப் புது சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் அடுத்த வாரச் செய்முறைத் தேர்வை அவளால் எழுத முடியாது. அந்தக் குரலைப் பற்றித் தெரிந்தவர் உங்களில் யாரோ ஒருவர்தான். முழுதாகச் சொன்னால்தான் விளங்கும், அதனால் நூரிலிருந்தே தொடங்குகிறேன்.

அவளும் நானும் ஒரே வயது. நான் முன்பே லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். அவள் பிறகு சிஸ்டம் அட்மினாக வந்தாள். வந்த அன்று சர்வரைத் திறந்து பார்த்தாள். அதுவரை யார் எந்த மென்பொருளை நிறுவினாலும் எல்லாக் கோப்புகளும் ஒரே பொது இடத்தில் போய்க் கொட்டிக்கொள்ளும். எது எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை நீக்கப் போனால் இன்னொன்று நின்றுபோகும். அதனால் யாரும் எதையும் நீக்குவதில்லை. நூர் கொஞ்ச நேரம் திரையை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, "என்னடி இது, கல்யாண வூட்டு வாசல்ல செருப்பு வுட்ட மாதிரி கெடக்கு?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஒரு மாதம் அந்தச் செருப்புகளைத்தான் ஜோடி சேர்த்தாள்.

அவள் செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி ஃபோல்டர், அதன்மேல் பெயரும் வெர்ஷனும். அந்த மென்பொருளின் கோப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பொது இடத்தில் இருப்பவை வெறும் லிங்க்குகள். 'அது அங்கே இருக்கிறது' என்று காட்டுவதற்கு மேல் அவற்றுக்கு வேலையில்லை. துறைத்தலைவருக்கு இது பிடிபடவில்லை. "ஒரே ஃபைல் ரெண்டு எடத்துல தெரியுதேம்மா, டிஸ்க் ரொம்பிடாதா?" என்று கேட்டார். நூர் வராந்தாவைக் காட்டினாள். "உங்க ரூம் இந்தப் பக்கம்னு செவுத்துல அம்புக்குறி போட்டிருக்கோம் சார். அதனால உங்களுக்கு ரெண்டு ரூம் ஆயிடுச்சுங்களா?" அவர் போன பிறகு என்னிடம், "ஆயிருந்தா அதையும் பூட்டி வெச்சிருப்பாரு" என்றாள்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பப் போயிருக்கிறேன். சர்வரில் ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். நூருக்கு அந்த வியர்வை பெரிய வேடிக்கை. அவள் அழிப்பதே இல்லை. ஒரு மென்பொருள் தேவையா இல்லையா என்று தெரியவேண்டுமானால், அதன் லிங்க்குகளை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா இருப்பாள். ஃபோல்டர் அப்படியே இருக்கும். "சாமானைத் தொடாத. வழியை மட்டும் எடு. வேணுங்கறவங்க தானா வருவாங்க" என்பாள்.

ஒருமுறை அப்படி எதையோ எடுத்தாள். மதியத்துக்குள் கணிதத்துறை ஆசிரியர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யாரும்மா என் சாஃப்ட்வேரத் தூக்குனது?"

"உக்காருங்க சார். முனிராஜ், சாருக்கு ஒரு டீ."

"டீ எதுக்கும்மா? கிளாஸ்ல புள்ளைங்க உக்காந்திருக்குது!"

"குடிச்சு முடிங்க சார், வந்திருக்கும்."

வந்திருந்தது. அவர் போனதும் நான் கேட்டேன்: "இதுக்கு எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாமில்லடி?"

"போன மாசம் போட்டேனே. ஒருத்தராச்சும் பதில் போட்டாங்களா? நீயே போடல."

உண்மைதான், நானும் போடவில்லை.

அவளிடம் குறை இல்லாமல் இல்லை. கேட்காமல் என் டிபன் டப்பாவைத் திறப்பாள்; முட்டை இருந்தால் எனக்குக் கிடையாது. முன்கோபம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் எழுதி வைக்க மாட்டாள். எது எங்கிருந்து வந்தது, யார் கேட்டுப் போட்டது என்று ஓரிடத்தில் குறித்து வைக்கச் சொல்லி நான் எத்தனையோ தடவை மன்றாடியிருக்கிறேன்.

"பேரும் வெர்ஷனும் ஃபோல்டர் மேலயே இருக்குதே. இதுக்கு மேல என்னத்த எழுதறது, ஜாதகமா?"

"நாளைக்கு நீ லீவுல போனா நான் யாரடி கேக்கறது?"

"நான் எங்க போவப்போறேன்? பென்னாகரம் தாண்டி பஸ் மாறத் தெரியாது எனக்கு."

பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது என் பயமெல்லாம் இரட்டிப்பாகியிருந்தது. பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, மணிக்கு நாலு முறை போன் செய்வேன். இடையில் சர்வரில் நான் போட்ட லிங்க் சரியாக நிற்கிறதா என்று திறந்து திறந்து பார்ப்பேன். நூர் என் நாற்காலியைத் திருப்பி வைத்தாள். "நீ பாக்கறதனால அது நிக்கலடி. பாக்காட்டியும் நிக்கும். தப்பாப் போட்டிருந்தா எடுத்துட்டு மறுபடி போடப்போறோம். வூட்டுக்குப் போயி புள்ளையப் பாரு, போ." அன்று என் மாலை வகுப்பை அவளே எடுத்தாள். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

துக்கம் கேட்கப் போயிருந்தபோது அவள் கணவர் வாசல்வரை வந்தார். பாத்திரக்கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாதவர் என்று நூர் சொல்லியிருக்கிறாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமுங்களா? அவ லேப்ல என்னதாங்க வேலை பாத்தா? நாங்க கேட்டா, செருப்பு அடுக்கறேன்னு சொல்லிட்டுப் போயிடுவா" என்றார். நான் லிங்க், ஃபோல்டர் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "அவ இருந்தவரைக்கும் லேப்ல யாரோட பொருளும் காணாமப் போகலைங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

போன வாரம் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். புது சர்வர் வந்துவிட்டது. "நூர் இருந்தவரைக்கும் ஓடுச்சு. இனிமே இதை யாரும்மா பாத்துக்கறது? தேவையானதை மட்டும் புதுசுல போட்டுட்டுப் பழசை அழிச்சிடுங்க" என்றார். ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துக்கொண்டு போனேன். வரைபடம் போடும் பழைய மென்பொருள் ஒன்று இருந்தது. அதை இப்போது எந்தப் பாடத்திலும் பயன்படுத்துவதில்லை. அழித்துவிடலாம் என்று கை போனது. ஆனால் நூர் இருந்திருந்தால் அழித்திருக்க மாட்டாள். லிங்க்குகளை மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கோமதி வந்தாள். ஏரியூர்ப் பக்கத்துப் பெண், இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி படித்துச் சொல்ல, கேட்டுக் கேட்டு நிரல் எழுதுகிறாள்.

"மேடம், என் மிஷினு பேச மாட்டேங்குதுங்க."

"ஹெட்போன் சரியா மாட்டியிருக்கியா பாரு."

"எனக்குக் கண்ணுதாங்க மேடம் தெரியாது. காது நல்லாக் கேக்குமுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எடுத்த லிங்க்குகளைத் திரும்பப் போட்டேன். அவள் கீபோர்டைத் தட்டினாள், முகம் மாறியது. "வந்துடுச்சுங்க! நூர் மேடமும் இப்படித்தாங்க. எதையாச்சும் எடுத்துப்போட்டுட்டு, இப்ப கேக்குதா, இப்ப கேக்குதான்னு எங்கிட்ட வந்து நிப்பாங்க."

வரைபட மென்பொருளுக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடினேன். பொது இடத்தில், தரவுக் கோப்புகளுக்கென்று நாம் எல்லோரும் பார்த்த அந்த ஃபோல்டர் உண்மையில் ஃபோல்டரே அல்ல. வரைபட மென்பொருளுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டரைக் காட்டும் ஒற்றை லிங்க் அது. லிங்க் போட நூர் பயன்படுத்திய கருவி சில சமயம் அப்படிச் செய்யும். கோப்புக் கோப்பாக லிங்க் போடாமல் முழு ஃபோல்டருக்கும் ஒன்றே போட்டுவிடும். பின்னால் யாரோ தமிழ்க் குரலின் கோப்புகளைப் பொது இடத்தில் வைக்கிறோம் என்று நினைத்து அங்கே வைத்திருக்கிறார்கள். அவை நேராக அடுத்தவர் வீட்டுக்குள், அந்த வரைபட மென்பொருளின் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அன்று நான் அந்த ஃபோல்டரை அழித்திருந்தால் குரலும் அதோடு போயிருக்கும். எதை அழித்தோம் என்றே தெரிந்திருக்காது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், குரலுக்கென்று தனி ஃபோல்டர் இல்லை. கண்ணில் பட்ட கோப்புகளைப் புது சர்வருக்கு நகலெடுத்தேன். படித்துச் சொல்லும் நிரல் திறக்கிறது, பேசவில்லை. ஏதோ ஒரு பகுதி வேறெங்கோ இருக்கிறது. வேறொரு தமிழ்க் குரலை நிறுவிக் கோமதியைக் கேட்கச் சொன்னேன். "நல்லாத்தாங்க இருக்குது. ஆனா அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாம் முழுங்கிடுதுங்க. புரோகிராம்ல ஒண்ணு வுட்டாலும் எல்லாம் போச்சுங்களே" என்றாள். பழைய குரல் ஒவ்வொரு குறியையும் பெயர் சொல்லிப் படிக்கிறது. இது தானாக வந்ததல்ல. அவளுக்காகவே யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். துறைத்தலைவரிடம் பழைய சர்வரை இன்னும் சில நாள் விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வெள்ளிவரை என்றார்.

நூரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அவள் தைரியம் எனக்கு வரவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்துபோய்ப் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பயப்படும்போது கை எங்கே போகவேண்டும், எங்கே போகக் கூடாது என்பது இப்போது கைக்கே தெரிகிறது. ஒன்று யாருக்கும் வேண்டாதது என்று நான் முடிவுகட்டுவதற்கு முன்னால், அது வேண்டியவர் வந்து கதவைத் தட்ட ஒரு நாளாவது விடுகிறேன். இதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வழியில்லை.

அந்தக் கோப்புகள் நான் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்த மாதங்களில் வைக்கப்பட்டவை. அப்போது லேபில் நூரோடு இறுதியாண்டு மாணவர்கள் சிலர் வேலை பார்த்தார்கள் என்று முனிராஜ் சொல்கிறார். பெயர்கள் அவருக்கு நினைவில்லை. அது நீங்களாக இருந்தால், குரலின் மூல மென்பொருளை எங்கிருந்து எடுத்தீர்கள், குறிகளின் பெயர்களை எந்தக் கோப்பில் சேர்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும். நீங்கள் இல்லையென்றால், யாராக இருக்கும் என்று தோன்றுவதைச் சொல்லுங்கள். தெரியாது என்றாலும் தெரியாது என்றே எழுதுங்கள், அடுத்தவரைக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.